புதுசா மரவேலை கத்துக்க வர்றவங்களுக்கு முதல் நாள் கையில என்ன குடுக்கிறது?

மதுரை_மரவேலை:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசத்துல இருந்து சனி ஞாயிறு மட்டும் வீட்டு மொட்டை மாடில ஷெட் போட்டு மரவேலை கிளாஸ் எடுக்கலாம்னு இருக்கேன். ஐடில வேலை பார்க்கிறவங்க, ரிட்டயர் ஆனவங்க, ரெண்டு காலேஜ் பசங்கன்னு ஆறு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க, யாருக்கும் உளி பிடிச்ச பழக்கமே கிடையாது. நான் பல வருஷமா வீட்டுக்கு வேணுங்கிற ஷெல்ஃப், டீப்பாய், கட்டில்னு செஞ்சுக்கிட்டு இருக்கேன், ஆனா செய்யறது வேற சொல்லிக் குடுக்கிறது வேற இல்லையா, அதான் இங்க கேக்கிறேன்.

இப்போதைக்கு நான் யோசிச்சு வெச்சிருக்கிற வரிசை இதுதான்: முதல் வாரம் சாணை பிடிக்கிறது, ரெண்டாவது வாரம் இழைப்புளி, மூணாவது வாரம் ரம்பம், அப்புறம் கழுந்தும் துளையும் (ஒரு கட்டையோட முனையைச் செதுக்கி இன்னொண்ணோட துளைக்குள்ள கோக்கிற இணைப்பு), கடைசில எல்லாருமா ஆளுக்கு ஒரு ஸ்டூல். ஆனா என் ஃப்ரெண்ட் ஒருத்தர் இதைப் பாத்துட்டு "ரெண்டு நாள் முழுக்க கல்லுல உளியத் தேய்ச்சா மூணாவது நாள் யாருப்பா வருவா"ன்னு கேட்டார். அவர் சொல்றதும் சரியாத்தான் படுது, அதே நேரம் மொண்ணை உளிய வெச்சுக்கிட்டு என்னத்தக் கத்துக்குவாங்கன்னும் தோணுது.

இன்னும் ரெண்டு சந்தேகம். தேக்குலயே ஆரம்பிக்கலாமா, இல்ல வேற மரமா? மெஷினை எப்போ காட்டணும்? எங்கிட்ட மார்பிள் கட்டர் ஒண்ணு இருக்கு, மரம் அறுக்கிற பிளேடு மாட்டி வெச்சிருக்கேன். அனுபவம் இருக்கிறவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க.

பட்டறை_வாத்தியார்:

தம்பி, நான் ஐடிஐல கார்ப்பென்டர் ட்ரேடு பசங்களுக்குப் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவன். நீங்க போட்டிருக்கிற வரிசை கிட்டத்தட்ட எங்க வரிசைதான். ஆனா எங்களுக்கு ஒரு வருஷம் இருக்கு, பையன் தினமும் வந்து நிப்பான், பிழைப்புக்கான சர்டிஃபிகேட் வேணும்னு பொறுத்துக்குவான். உங்ககிட்ட வர்றவரு அஞ்சு நாள் ஆபீஸ்ல உக்காந்துட்டு ஆறாவது நாள் ஆசையா வர்றாரு, அவருக்கு அந்த வரிசை ஒத்து வராது.

என் அபிப்ராயம், முதல் நாள் சாணைக்கல்லை வெளியிலயே எடுக்காதீங்க. அதுக்கு முந்தின நாள் ராத்திரி நீங்களே உக்காந்து அத்தனை உளியையும் இழைப்புளித் தகட்டையும் தீட்டி வெச்சிடுங்க, சரிவு 25 டிகிரி, முனையில மட்டும் ஒரு இழை 30 டிகிரி. கூர்னா என்னன்னு கை உணரணும், அதுதான் முதல் பாடம், எப்படிக் கூர் வருதுங்கிறது ரெண்டாவதுதான். ஒரு உளிய மட்டும் வேணும்னே மொண்ணையா வெச்சுக்கோங்க. பைன் மரத் துண்டு ஒண்ணை எடுத்து அதோட தலைப்புறத்துல, அதாவது குறுக்க அறுத்த முகத்துல, முதல்ல மொண்ணை உளியால சீவச் சொல்லுங்க. நார் நசுங்கி, பொடிப் பொடியா உதிர்ந்து, வெளுத்துப் போன மாதிரி சொரசொரன்னு இருக்கும். அதே இடத்துல தீட்டின உளிய வெச்சா ஒரு சுருள் முழுசா எந்திரிச்சு வரும், சீவின இடம் பளபளன்னு கருத்துத் தெரியும். இதை ஒரு தடவை தன் கையால பாத்துட்டார்னா அவரே "சார் இதை எப்படி சார் தீட்டுறது"ன்னு கேப்பார், அன்னைக்குக் கல்லை எடுங்க. அப்போ அரை மணி நேரம் தேய்க்கிறது அவருக்கு பாரமாவே தெரியாது, ஏன்னா எதுக்குத் தேய்க்கிறோம்னு தெரிஞ்சு தேய்க்கிறார்.

கல்லுல சொல்லிக் குடுக்கும்போது முதல்ல உளியோட முதுகை, அதாவது சரிவுக்கு எதிர்ப்பக்கத்தை, தட்டையாக்கச் சொல்லணும், முக்கால்வாசிப் பேர் சரிவை மட்டும் தேய்ச்சுட்டு ஏன் கூர் வரலைன்னு முழிப்பாங்க. சரிவைத் தேய்ச்சா முதுகுப் பக்கம் பிசிறு ஒண்ணு மெல்லிசா மடங்கி நிக்கும், விரலை முனையோட ஓட்டாம முதுகுல இருந்து வெளிப்பக்கமா இழுத்துப் பாத்தா தட்டுப்படும். அந்தப் பிசிறு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் தட்டுப்பட்டாத்தான் அந்தக் கல்லுல வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். கல்லு வாங்க காசு இல்லாதவங்களுக்குக் கண்ணாடித் துண்டு மேல எமரி பேப்பர் ஒட்டிக் குடுங்க, 220, 400, 1000ன்னு போனாப் போதும்.

இன்னொரு விஷயம், வெறும் பயிற்சித் துண்டா செய்ய வெச்சுத் தூக்கிப் போட வேண்டாம். ஸ்வீடன்ல ஓட்டோ சாலமன்னு ஒருத்தர் 1870-கள்ல நேஸ்ங்கிற இடத்துல ஆசிரியர்களுக்கே மரவேலை சொல்லிக் குடுத்தார், ஸ்லாய்டுன்னு அந்த முறைக்குப் பேரு. அதுல ஒவ்வொரு பாடமும் வீட்டுல புழங்குற ஒரு சாமான். கத்தி மட்டும் வெச்சு செய்யறதுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு சாமானுக்கும் புதுசா ஒரே ஒரு கருவி, ஒரே ஒரு வித்தைன்னு கூடிக்கிட்டே போகும். நம்ம ஊர்ல 1937-ல வார்தா மாநாட்டுல காந்தி சொன்ன ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியாப் படிக்கிறதைத்தான் நடுவுல வெச்சுது. நீங்களும் அப்படி அடுக்குங்க, ஒரு கிளாஸுக்கு ஒரு புதுக் கருவிக்கு மேல வேண்டாம்.

நாரோல்_ஆசாரி:

வாத்தியார் சொன்னது சரியான பேச்சு. நமக்கு அப்பா, தாத்தா எல்லாரும் தச்சு வேலைதான், நாகர்கோவில் பக்கம். முதல் சாமான் ஸ்டூல் வேண்டாம் தம்பி. ஸ்டூல்ல நாலு கால், எட்டு கழுந்து, ஒண்ணு கோணினாலும் ஆடும், புதுசா வந்தவன் மனசு விட்டுப் போவான். மணை செய்யச் சொல்லுங்க, நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிடுற மணைதான். ஒரு பலகை, கீழ ரெண்டு கட்டை, அவ்வளவுதான். ஆனா அதுக்குள்ள மொத்தத் தச்சு வேலையும் இருக்கு.

பலகை ஒன்றரை அடி நீளம், ஒரு அடிக்குக் கொஞ்சம் கம்மியா அகலம், இஞ்சே கால் கனம். அளவெடுக்கணும், மூலமட்டம் (செங்கோணம் பாக்கிற கருவி) வெச்சுக் கோடு போடணும், அறுக்கணும், முகத்தை இழைக்கணும், ஓரத்தை இழைக்கணும், விளிம்போட கூரை லேசா மழுக்கணும். ரம்பம் கோட்டு மேல போகக் கூடாது, கோட்டுக்கு வெளிய, கழிவுப் பக்கமாப் போகணும், கோடு பலகையிலயே நிக்கணும், மீதியை இழைப்புளி பாத்துக்கும். கழிவுப் பக்கம் பென்சிலால பெருக்கல் குறி போடச் சொல்லுங்க, இல்லன்னா தப்பான பக்கத்துல அறுத்துப் போடுவாங்க. இழைக்கும்போது ஓட்டம் பாக்கச் சொல்லணும். பலகை ஓரத்துல ரேகை எந்தப் பக்கமா ஏறிப் போகுதோ அந்தப் பக்கமா இழைச்சா வழுவழுன்னு வரும், எதிர்த்து இழைச்சா பிய்ச்சுக்கிட்டு வரும். இதை வாயால சொன்னா ஏறாது, ஒரே பலகையை ரெண்டு பக்கமும் தள்ளிப் பாக்க விடுங்க, சத்தமே வேற வேறயா வரும்.

பெரிய பாடம் கீழ கட்டை போடும்போதுதான் வரும். மரம் நீளத்துல கூடாது குறையாது, அகலத்துல கூடும் குறையும். ஐப்பசி கார்த்திகை மழையில பலகை ஈரம் குடிச்சு அகலும், பங்குனி சித்திரைல சுருங்கும். கீழ இருக்கிற கட்டை பலகைக்குக் குறுக்க கிடக்குல்லா, அது அசையாது. அப்போ கட்டை முழுக்க ஃபெவிகால் தடவி ஸ்க்ரூவை இறுக்கி முறுக்கினா பலகை அசைய வழியில்லாம நடுவுல வெடிக்கும். அதனால நடுவுல ஒரு ரெண்டு இஞ்சுக்கு மட்டும் பசை, ரெண்டு ஓரத்து ஸ்க்ரூவுக்கும் கட்டையில நீளவாக்குல ஓட்டை, ஸ்க்ரூ உள்ளயே கொஞ்சம் நகரட்டும். பழைய மணை சிலதுல பாத்திருப்பீங்க, ஆணியே இருக்காது, பலகைல புறாவால் மாதிரி காடி எடுத்து கட்டையைப் பக்கவாட்டுல இருந்து தட்டி ஏத்தியிருப்பாங்க, காடி ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் ஒடுக்கமா இருக்கும், அதனால தட்டத் தட்ட இறுகும், மரம் அசையவும் இடம் இருக்கும். அதை ரெண்டாவது மணைக்கு வெச்சுக்கோங்க. இந்த ஒரு விஷயம் புரிஞ்சவனுக்கு மேஜைப் பலகையை ஏன் சட்டத்துல ஒட்டக் கூடாது, கதவுல பேனல் ஏன் காடிக்குள்ள லூசா நிக்குதுன்னு எல்லாம் தானே புரியும்.

மரம் கேட்டீங்க. தேக்கு வேண்டாம். விலை இருக்கட்டும், தேக்குக்குள்ள சிலிக்கா இருக்கு, மணல் மாதிரி உளி முனையைத் தின்னுக்கிட்டே இருக்கும், புதுசா வந்தவன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் தீட்டிக்கிட்டு நிக்கணும். வேம்பு வாசனை நல்லது, பூச்சி அரிக்காது, ஆனா ரேகை முறுக்கி முறுக்கிப் போகும், அதுவும் முதல் நாளைக்கு ஆகாது. மலைவேம்பு, சில்வர் ஓக் மாதிரி லேசான மரம் எடுங்க, இல்லன்னா பைன். எங்க பக்கம் அயினி நல்ல மரம், உங்க ஊர்ல கிடைக்குமான்னு பாருங்க. எதுவானாலும் காஞ்ச மரமா இருக்கணும். பச்சை மரத்துல செஞ்சா வீட்டுக்குக் கொண்டு போன மறு வாரமே வளைஞ்சு நிக்கும், கத்துக்கிட்டவன் தன் கை சரியில்லன்னு நினைச்சுக்குவான்.

மரத்தூள்_கோவை:

ஆசாரி அண்ணா எழுதினதை அப்படியே சேவ் பண்ணி வெச்சுக்கிட்டேன், எங்க வீட்டு மணை ஏன் நடுவுல பிளந்துச்சுங்கிறதுக்கு இப்போதான் விடை கிடைச்சுது.

நான் கோயமுத்தூர்ல குழந்தைங்களுக்கும் பெண்களுக்கும் கிளாஸ் எடுக்கிறேங்க. மரத்தைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் சொல்லிக் குடுக்கிற விதத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். நீங்க செஞ்சு காட்டும்போது அவங்களுக்கு எதிர்ல நிக்காதீங்க, எதிர்ல நின்னா இடது வலது மாறித் தெரியும், ரம்பத்துல எந்தக் கை முன்னாடி எந்தக் கால் பின்னாடின்னு குழம்பிடுவாங்க. பக்கத்துல, அவங்க பார்க்கிற திசையிலயே நின்னு காட்டுங்க. இடது கைக்காரங்க யாருன்னு முதல்லயே கேட்டுக்கோங்க, அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க, கஷ்டப்பட்டு வலது கையிலயே செஞ்சுக்கிட்டு இருப்பாங்க.

அவங்க கோணலா அறுக்கும்போது நம்ம கை பரபரக்கும், "குடுங்க நான் பண்ணித் தர்றேன்"னு வாங்கத் தோணும். தயவு செஞ்சு வாங்காதீங்க. நீங்க முடிச்சுக் குடுத்த சாமான் அவங்க வீட்டுக்குப் போனாலும் அது உங்க சாமான்தான், அவங்களுக்கு அது தெரியும். கோணல் ஏன் வருதுன்னு பாருங்க, பெரும்பாலும் முழங்கை வெளிய விரிஞ்சிருக்கும், இல்ல ரம்பத்தை அழுத்திப் பிடிச்சிருப்பாங்க. ஆள்காட்டி விரலை ரம்பம் போற திசையில நீட்டி வெக்கச் சொல்லுங்க, தோள், முழங்கை, ரம்பம் மூணும் ஒரே கோட்டுல வரட்டும், அழுத்தமே வேண்டாம் ரம்பத்தோட எடையே போதும்னு சொல்லுங்க. முக்கால்வாசி கோணல் அதுலயே நிமிர்ந்துடும். ஆரம்பிக்கும்போது ரெண்டு மூணு தடவை பின்னாடி இழுத்து ஒரு பள்ளம் உண்டாக்கிட்டு அப்புறம் தள்ளச் சொல்லணும்.

அப்புறம் பெஞ்ச் உயரம். ஆறடி ஆளுக்கு அமைச்ச பெஞ்சுல அஞ்சடிப் பொண்ணு இழைச்சா தோள்பட்டைதான் வலிக்கும், அதைப் பாத்துட்டு "பொம்பளைங்களுக்கு இதுக்கெல்லாம் பலம் பத்தாது"ன்னு சொல்லிடுவாங்க, இதை எத்தனை பேர் வாயில இருந்து கேட்டுட்டேன் தெரியுமாங்க. நேரா நின்னு கையைத் தொங்க விட்டா மணிக்கட்டு எங்க வருதோ அந்த உயரம் இருந்தாப் போதும். எல்லாருக்கும் பெஞ்ச் மாத்த முடியாது, நிக்கிறதுக்கு ஒரு பலகைத் திண்டு போட்டுக் குடுத்துடுங்க. உளி பிடிக்கிறப்போ ஒரே ஒரு விதி, ரெண்டு கையும் முனைக்குப் பின்னாடிதான் இருக்கணும். மரத்தை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில உளியத் தள்ளவே கூடாது, மரத்தைப் பிடிக்கிறது கிளாம்ப்போட வேலை.

மதுரை_மரவேலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நான் போட்ட வரிசையை முழுசா மாத்திட்டேன். முதல் நாள் தீட்டின கருவிங்க, மொண்ணை உளி சோதனை, மணை. சாணை ரெண்டாவது வாரம், அதுவும் அவங்க கேட்ட பிறகு. மணை முடிஞ்சதும் அஞ்சறைப்பெட்டி வெக்கலாமான்னு பாக்கிறேன், உள்ள தடுப்புப் பலகைங்களைப் பாதிப் பாதி வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோக்கணும்ல, அந்த இணைப்புக்கு நல்ல பயிற்சி.

மார்பிள் கட்டர் பத்தி யாரும் சொல்லலையே? இங்க சைட்ல எல்லா கார்ப்பென்டரும் அதைத்தான் பலகைக்கு அடியில தலைகீழா மாட்டி டேபிள் சா மாதிரி ஓட்டுறாங்க. ஒரு நாளாவது அதைக் காட்டலாமா? அளவுலயும் ஒரு குழப்பம் இருக்கு, வர்றவங்க எல்லாம் மில்லிமீட்டர்ல பேசுவாங்க, மரக்கடைல போனா நூல், கன அடின்னு பேசுறாங்க.

பட்டறை_வாத்தியார்:

தம்பி, அந்த மெஷினைக் கழட்டி உள்ள வெச்சுப் பூட்டிடுங்க. கண்டிப்பாச் சொல்றேன். அது கல்லும் டைல்ஸும் வெட்டறதுக்குச் செஞ்ச மெஷின், நிமிஷத்துக்கு 12,000, 13,000 சுத்து சுத்தும், மரம் அறுக்கிற சர்க்குலர் சா 5,000 பக்கம்தான் சுத்தும். பல்லு வெச்ச பிளேடு அந்த வேகத்துல ஒரு முடிச்சுலயோ ஆணியிலயோ மாட்டினா மெஷின் அப்படியே பின்னாடி துள்ளும், தலைகீழா மாட்டியிருந்தா பலகையைத் தூக்கி உங்க மேலயே எறியும், பலகையைத் தள்ளிக்கிட்டு இருந்த கை நேரா பிளேடு மேல போய் விழும். பிளேடுக்குப் பின்னாடி மரம் ஒட்டிக்காமப் பிரிச்சுப் பிடிக்கிற தகடும் அதுல கிடையாது, மேல மூடியும் கிடையாது. ஆங்கிள் கிரைண்டர்ல மரப் பிளேடு மாட்டுறது இதை விட மோசம். சைட்ல விரல் போன ஆளுங்களை நான் பாத்திருக்கேன், அவங்க வருஷக்கணக்கா அதே மெஷினை ஓட்டினவங்க. கிளாஸ்ல நீங்க அதை ஓட்டிக் காட்டினா, அவங்க வீட்டுக்குப் போய் ஆன்லைன்ல ஒண்ணு ஆர்டர் போட்டுத் தனியா ஓட்டுவாங்க, அங்க பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்க.

மெஷின் காட்டியே ஆகணும்னா ட்ரில்லும் ஜிக் சாவும் போதும். சுத்துற மெஷின் பக்கத்துல கையுறை போட விடாதீங்க, துணி மாட்டினா கையையும் சேத்து இழுத்துடும். துப்பட்டா, செயின், மோதிரம், அவிழ்த்து விட்ட முடி எல்லாத்துக்கும் அதேதான். மொட்டை மாடிக்கு ஒயர் இழுக்கும்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பாத்துக்கோங்க, மழை நாள்ல ஷெட்டுல ஈரம் இருக்கும். எமரி போடும்போது எல்லாரும் என்95 மாஸ்க் போடணும், மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பே முதல் வகைப் பட்டியல்ல வெச்சிருக்கு. மாஸ்க் போட்டா மூச்சு முட்டுதுன்னு சொல்றவரை அன்னைக்கு எமரி பக்கம் விடாதீங்க.

நாரோல்_ஆசாரி:

அளவு விஷயம் நான் சொல்லுதேன். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் மூணு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட, அவ்வளவுதான். கிளாஸ்ல மில்லிமீட்டரே வெச்சுக்கோங்க, டேப்புல மில்லிமீட்டர் படிக்கிறவனை நூலுக்கு மாத்தி எதுக்குக் குழப்பணும். ஆனா மரக்கடைக்கு ஒரு தடவை எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. கன அடிக் கணக்கு அங்க வெச்சே சொல்லிக் குடுங்க: அகலம் இஞ்சுல, கனம் இஞ்சுல, நீளம் அடியில, மூணையும் பெருக்கி 144-ஆல வகுக்கணும். ஆறு இஞ்சு அகலம், ஒரு இஞ்சு கனம், ஆறடி நீளம் இருந்தா 36, வகுத்தா கால் கன அடி. இது தெரியாமப் போனா கடைக்காரன் சொன்னதுதான் விலை. மில்லுல அறுத்தது ஒரு இஞ்சுன்னா இழைச்ச பிறகு ஒரு இஞ்சு நிக்காது, ஒரு நூல் ஒன்றரை நூல் போயிடும், அதையும் சேத்துக் கணக்குப் போட்டு வாங்கணும்.

கடையில பலகையை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு முனையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு நீளவாக்குல பாக்கச் சொல்லுங்க, வளைவும் முறுக்கும் தெரிஞ்சுடும். வளைவை இழைச்சு எடுக்கலாம், முறுக்கின பலகைய புதுசா வந்தவன் நேராக்க முடியாது, அதைக் கையால தொடவே வேண்டாம். வைரம் (நடுவுல இருக்கிற கருத்த மரம்) எது, வெளுப்பு (வெளிப்பக்கத்து வெளிர் மரம்) எதுன்னும் காட்டுங்க, வெளுப்புப் பக்கம்தான் பூச்சி முதல்ல இறங்கும்.

மதுரை_மரவேலை:

மார்பிள் கட்டரைப் பூட்டிட்டேன் சார், சாவி வீட்டுக்காரம்மாகிட்ட இருக்கு. கடைசியா ஒண்ணே ஒண்ணு, பைன் மரத்துக்குப் பேக்கிங் பெட்டி, பாலெட் (சரக்கு அடுக்குற மரத்தட்டு) எல்லாம் உடைச்சு எடுத்துக்கலாமா? கப்பலூர் பக்கம் கம்பெனிங்கள்ல இருந்து மலிவா வருது.

மரத்தூள்_கோவை:

தாராளமா எடுக்கலாங்க, என் கிளாஸ்ல பாதி மரம் அதுதான். வெளிநாட்டுல இருந்து வந்த பாலெட்னா பக்கத்துல ஒரு முத்திரை அடிச்சிருக்கும், கோதுமைக் கதிர் படம் போட்டு. அதுல எச்டி (HT)ன்னு இருந்தா சூடு பண்ணிப் பூச்சியைக் கொன்னதுன்னு அர்த்தம், அதை எடுங்க. எம்பி (MB)ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அது வேண்டாம். முத்திரையே இல்லைன்னாலும் எண்ணெய்க் கறை, கெமிக்கல் வாசனை இருந்தாலும் விட்டுடுங்க. உடைச்ச பிறகு ஒவ்வொரு பலகை மேலயும் காந்தம் ஒண்ணை மெதுவா ஓட்டுங்க, பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். தலை உடைஞ்சு உள்ளயே நிக்கிற ஆணிங்க கண்ணுக்குத் தெரியாது, இழைப்புளித் தகடு அதுல ஒரு தடவை பட்டா பல்லு விழுந்துடும், அதைத் திரும்பத் தேய்ச்சு எடுக்க ஒரு சாயங்காலம் போயிடும். காந்தம் ஓட்டுற வேலையைக் கத்துக்க வந்தவங்ககிட்டயே குடுங்க, பலகையை முதல் தடவை நிதானமாப் பாக்கிறதும் அதுலயே நடந்துடும்.